யார் பெரிய கோலி? கேள்வியே தப்பு!

நீலகிரியில் ஒரு ஃபுட்பால் ஃபைனல் வந்துவிட்டால் போதும், டீக்கடைகள் எல்லாம் கோர்ட்டாக மாறிவிடும். குன்னூர் பஸ் ஸ்டாண்டு, அருவங்காடு, வெலிங்டன், கோத்தகிரி... எங்கே போனாலும் வழக்கு ஒன்றுதான். வர்க்கியை டீயில் முக்கி வாயில் போடுவதற்குள் ஒருத்தர் ஆரம்பிப்பார்.

"மச்சான், அவனுங்க கோலி பெரிய ஆளா, நம்ம கோலி பெரிய ஆளா?"

அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போச்சு. இவன் எத்தனை பெனால்டி பிடித்தான், அவன் எத்தனை விட்டான், இவனுக்குக் கை நீளம், அவனுக்கு தைரியம் ஜாஸ்தி, போன வருஷம் மழையில் இவன் கையிலிருந்து பந்து வழுக்கியது ஞாபகம் இருக்கிறதா... ஒரே டீமில் இரண்டு நல்ல கோலிகள் இருந்துவிட்டால் சண்டை இன்னும் உக்கிரம். டீ ஆறிப்போகும், வர்க்கி கிளாஸுக்குள்ளேயே கரைந்துபோகும் (உண்மையான சோகம் இதுதான்). அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். எதிரணி எப்படி ஆடும்? பந்து தலைக்கு மேலே வருமா, தரையோடு வருமா? கார்னரில் குதிக்கிற உயரமான ஆள் யாராவது இருக்கிறானா?

இதைக் கேட்காமல் "யார் பெரியவன்" என்று அடித்துக்கொள்வது ஃபுட்பால் பேச்சே இல்லை. அது சினிமா ரசிகர் மன்றப் பேச்சு. கட் அவுட்டும் பால் அபிஷேகமும்தான் பாக்கி.

இது மலைநாட்டு வியாதி மட்டும் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்கிற விளையாட்டில் குவாட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்தை வாங்கியதும் யாருக்கு எறிவது, யார் கையில் திணிப்பது, இல்லை தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுக்கிறவர். காலேஜ் டீம்களின் பெரிய மேட்ச் வந்தால், இரண்டு பக்கத்துக் குவாட்டர்பேக்குகளையும் தராசில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. 2006 ஜனவரி 4-ஆம் தேதி ரோஸ் பௌல் ஆட்டம். ஒரு பக்கம் தெற்குக் கலிஃபோர்னியாவின் மேட் லைனார்ட், 2004-ல் ஹைஸ்மன் விருது வாங்கியவர். அவருடைய டீம் தொடர்ந்து 34 ஆட்டங்கள் தோற்கவில்லை. இன்னொரு பக்கம் டெக்சாஸின் வின்ஸ் யங், 2005 ஹைஸ்மன் போட்டியில் இரண்டாம் இடம். லைனார்டா யங்கா, லைனார்டா யங்கா என்று நாடே கிழிந்தது.

கடைசியில் டெக்சாஸ் 41-38 என்று ஜெயித்தது. 19 நொடி மிச்சமிருக்கும்போது யங் தானே ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தார். "பார்த்தாயா, யங்தான் பெரியவர்" என்று கேஸை மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டே நிமிடம் சொச்சம் பாக்கியிருந்தபோது, தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு நான்காவது முயற்சியில் வெறும் இரண்டு கஜம் தேவைப்பட்டது. அதை எடுத்திருந்தால் ஆட்டமே முடிந்திருக்கும், யங் கைக்குப் பந்து போயிருக்காது. லைனார்ட் பந்தை லென்டேல் வைட் கையில் கொடுத்தார். டெக்சாஸின் தடுப்பு வரிசை அவரை நிறுத்திவிட்டது. ஆட்டம் திரும்பியது அங்கேதான். அந்த வரிசையில் நின்றவர்களை எந்தத் தராசிலும் யாரும் வைக்கவில்லை. லைனார்ட் அன்றைக்கு 365 கஜத்துக்குப் பந்து எறிந்திருக்கிறார் என்பதும் தோற்றவர் கணக்கில் போய்விட்டது.

சரி, அமெரிக்கா எதற்கு? "யார் பெரியவன்" கேள்வியை உடைத்துப் போட்ட மிகப் பெரிய கதையின் ஒரு நுனி வெலிங்டனிலேயே கிடக்கிறது. டீக்கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

வெலிங்டனில் இருப்பது மதராஸ் ரெஜிமெண்ட் சென்டர். அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு பாரக்கும், காலையில் ஓடுகிற ஜவான்களும் தெரியும். 1950-களில் இந்த சென்டருக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. சும்மா பொழுதுபோக்கு டீம் இல்லை சாமி. 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்ற டீம். டூரண்ட் என்றால் 1888-ல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய ஃபுட்பால் போட்டிகளில் ஒன்று. 1950 முதல் 1960 வரை அந்தக் கோப்பையில் பெயர் பொறித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஹைதராபாத் சிட்டி போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான். இந்த மூன்று ஜாம்பவான்களுக்கு நடுவில் நான்காவதாக ஒரே ஒரு பெயர்தான். வெலிங்டன்காரர்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் மூடுபனிக்குள் பயிற்சி எடுத்தவர்கள், டெல்லிக்குப் போய் இரண்டு தடவை கோப்பையைத் தூக்கி வந்தார்கள்.

அந்த டீமின் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனுக்கு வந்தார். வரும்போது அவர் கோலியே இல்லை, சென்டர் ஃபார்வர்டு! கோல் போடுகிற ஆளை கோல் தடுக்கிற இடத்தில் நிறுத்திப் பார்த்தது வெலிங்டனில்தான். ஒருவேளை அன்றைக்கு "இருக்கிற ஃபார்வர்டுகளில் யார் பெரியவன்" என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, பட்டியலில் கீழே இருந்தால் வெளியே போ என்று சொல்லியிருந்தால்? இந்தியாவுக்கு ஒரு தங்கராஜ் கிடைத்திருக்க மாட்டார். 1956 மெல்பர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக், 1967-ல் அர்ஜுனா விருது, ஆசியாவின் மிகச் சிறந்த கோல் கீப்பர் என்ற பெயர்... எல்லாம் அந்த ஒரு இட மாற்றத்திலிருந்து வந்தது. ஒப்பீடு ஆளைப் பார்க்கும். நல்ல கோச் ஆளையும் பார்ப்பார், அவனுக்குப் பொருந்துகிற இடத்தையும் தேடுவார்.

இனி 1962. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கோச் ஹைதராபாத்தின் எஸ்.ஏ.ரஹீம். அணியில் இரண்டு கோலிகள். ஒருவர் தங்கராஜ், ஆறடியைத் தாண்டிய ஆள், அனுபவஸ்தர். இன்னொருவர் பிரத்யுத் பர்மன், கல்கத்தா மைதானங்களிலிருந்து வந்தவர். உயரத்தில் தங்கராஜ் பக்கத்தில் வர முடியாது, ஆனால் படு சுறுசுறுப்பு. தங்கராஜுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பர்மன் வலைக்கு முன்னால் நின்றார்.

இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தது. அங்கேயும் கோலில் நின்றவர் பர்மன்தான். ஃபைனலில் மறுபடியும் அதே தென் கொரியா. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பையையும் வைத்திருந்த டீம். முதல் ஆட்டத்தில் இதே இந்தியாவை அடித்த டீம்.

இப்போது டீக்கடை நீதிபதிகளை ரஹீம் நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். ஃபைனலுக்கு யார்?

ஒரு கோஷ்டி சொல்லும்: "ஜெயித்துக்கொண்டிருக்கிற டீமில் கை வைக்கக் கூடாது, பர்மன்தான்." இன்னொரு கோஷ்டி: "பர்மன் அரையிறுதியில் இரண்டு விட்டுட்டாரே, தங்கராஜ்தான் பெரியவர்." மூன்றாவது கோஷ்டி: "காய்ச்சலில் எழுந்தவனை நூறாயிரம் பேர் முன்னால் நிறுத்துவாயா?" மூன்று கோஷ்டியும் பேசுவது ஆட்களைப் பற்றி. ஒரு வாயிலிருந்தும் கொரியா என்ற வார்த்தை வராது.

ரஹீம் கொரியாவைப் பற்றி யோசித்தார். உயரப் பந்து போட்டு, தலையால் முட்டி கோல் போடுகிற டீம் அது, அதனால்தான் உயரமான தங்கராஜை இறக்கினார் என்பதுதான் காலம் காலமாகச் சொல்லப்படுகிற காரணம். பர்மன் சின்னவர், தங்கராஜ் பெரியவர் என்ற தீர்ப்பு அதில் எங்கேயும் இல்லை. ஃபைனலில் எதிரே ஜப்பான் நின்றிருந்தால், ரஹீம் பர்மனையே வைத்திருக்கக் கூடும். இதைச் சொன்னால் தங்கராஜ் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். தங்கராஜின் பெருமை இதனால் ஒரு குண்டுமணி கூடக் குறையாது.

ரஹீமின் மூளை எப்படி வேலை செய்தது என்று இன்னும் நன்றாகத் தெரிய வேண்டுமா? ஜர்னெயில் சிங்கைப் பாருங்கள். அன்றைக்கு ஆசியாவின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். இந்தப் போட்டியின் நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை ரஹீம் என்ன செய்தார்? சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்! பின்னால் நின்று ஆளைக் கவிழ்க்கிறவரை முன்னால் அனுப்பி கோல் போடச் சொன்னார், அதுவும் தலையில் தையலோடு. இன்றைக்கு ஒருத்தர் இப்படி ஒரு டீம் ஷீட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், சிரித்தே கொன்றுவிடுவார்கள். "அந்த இடத்துக்கு அவனைவிடப் பெரிய ஆள் மூணு பேர் இருக்கான்" என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள்.

செப்டம்பர் 4, சேனாயன் மைதானம். கூட்டம் ஒரு லட்சம், அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறார்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்தியாவின் ஜி.டி.சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் ஜகார்த்தாவில் இருந்த இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டிருந்தது. மைதானத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி டீமும் உண்டு என்பது அந்த நாளின் அழகான விஷயம்.

17-ஆவது நிமிடம் பி.கே.பானர்ஜி ஒரு கோல். 20-ஆவது நிமிடம் இரண்டாவது கோல். போட்டது யார்? தலையில் தையல் போட்ட அதே ஜர்னெயில் சிங்! அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தியா தாங்கிப் பிடித்தது. 85-ஆவது நிமிடத்தில்தான் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம். ஆண்கள் ஃபுட்பாலில் ஆசிய விளையாட்டுத் தங்கம் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ரஹீம் 1963 ஜூனில் போய்விட்டார்.

2024-ல் அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்து "மைதான்" என்ற இந்திப் படம் வந்தது. அதற்குப் பிறகுதான் பல பேருக்கு தங்கராஜ் என்று ஒருவர் இருந்ததே தெரியும். நல்லதுதான். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் ஆரம்பித்தது என்ன? அதே கேள்விதான். "அப்போ தங்கராஜ்தானே பெரியவர், பர்மன் சும்மாதானே?" அட போங்கப்பா!

பர்மன் சும்மாவா? அரையிறுதியில் அந்த மனுஷன் மூன்றாவது கோலை விட்டிருந்தால் தங்கராஜுக்கு ஃபைனலே கிடையாது. தங்கராஜ் ஃபைனலில் தடுமாறியிருந்தால் பர்மன் காத்ததெல்லாம் வெள்ளிப் பதக்கத்தோடு நின்றிருக்கும். ஒரே தங்கத்தின் இரண்டு பாதி இவர்கள். இதில் யார் பெரியவர் என்று கேட்பது, குன்னூர் மலை ரயிலில் ஏறிக்கொண்டு பல்சக்கரம் பெரிசா, எஞ்சின் பெரிசா என்று கேட்பது மாதிரி. ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், வண்டி பர்லியாறு பக்கமே நின்றுவிடும்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. "கோலி இடம் ஒன்றுதான். பதினோரு பேரில் ஒருத்தன்தான் கையால் பந்தைத் தொடலாம். அப்போ ஒப்பிட்டுத்தானே ஆகணும்? ரஹீமும் ஒப்பிட்டுத்தானே தேர்ந்தெடுத்தார்?"

ஆமாம், தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கு இந்த எதிரிக்கு முன்னால் யார் என்று கேட்பதும், மொத்தத்தில் யார் பெரியவன் என்று கேட்பதும் ஒன்றில்லை. முதல் கேள்விக்குப் பதில் மேட்ச் முடிந்ததும் காலாவதி. அடுத்த மேட்சுக்குப் புதுப் பதில். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் அது ஆள் மேல் ஒட்டிக்கொள்கிறது, கழுவினாலும் போகாது.

2014 உலகக் கோப்பையில் இது உலகமே பார்க்க நடந்தது. ஜூலை 5, நெதர்லாந்துக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் கால் இறுதி. 120 நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. கோச் வான் ஹால், பெனால்டி ஷூட் அவுட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நல்லபடியாக ஆடிக்கொண்டிருந்த கோலி சிலெசனை வெளியே எடுத்துவிட்டு, டிம் க்ரூல் என்ற மாற்றுக் கோலியை உள்ளே அனுப்பினார். க்ரூல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். நெதர்லாந்து 4-3 என்று ஜெயித்தது. க்ரூல் சிலெசனைவிடப் பெரியவரா? இல்லவே இல்லை, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியது மறுபடியும் சிலெசன்தான். அந்த ஐந்து நிமிட வேலைக்கு க்ரூல் பொருத்தம் என்று கோச் நினைத்தார். அரையிறுதியில் அர்ஜென்டினாவோடு மறுபடியும் பெனால்டி வந்தது. அதற்குள் மாற்று ஆட்கள் மூன்று பேரையும் இறக்கி முடித்திருந்தார்கள், அதனால் க்ரூல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நெதர்லாந்து 2-4 என்று தோற்றது.

இன்னொரு வாதம் உண்டு. "சும்மா ஜாலிக்குப் பேசறோம், இதுல என்ன தப்பு? மெஸ்ஸியா ரொனால்டோவான்னு உலகமே பேசுது." மெஸ்ஸிக்கும் ரொனால்டோவுக்கும் இந்தப் பேச்சால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர்கள் காதில் விழப் போவதும் இல்லை. குன்னூர் டீக்கடையில் பேசுவது குன்னூர் கிரவுண்டில் ஆடுகிற பையன் காதில் விழும். அதுதான் வித்தியாசம்.

எஸ்டேட் லைன் வீட்டுப் பையன்களுக்கு ஃபுட்பால் ஆடக் கிடைக்கிற இடம் எப்படியிருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சமதளமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தாலே பெரிசு. ஒரு ஷாட் தவறினால் பந்து தேயிலைச் சரிவில் உருண்டு அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும். அதை எடுத்து வருவது எப்போதும் கோலிதான், அதிலும் இரண்டாவது கோலி. பிராக்டிஸ் முழுக்க மழையிலும் பனியிலும் அவன் வருவான், முதல் கோலிக்கு ஷாட் அடித்துக் கொடுப்பான், மேட்ச் அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் தூக்குவான். அவனைப் பார்த்து ஊரே "நீ ரெண்டாம் நம்பர்டா" என்று நான்கு வருஷம் சொன்னால் ஐந்தாவது வருஷம் அவன் ஏன் வரப் போகிறான்? கோயம்புத்தூர் பக்கம் வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் முதல் கோலிக்கு ஃபைனலுக்கு முந்தின நாள் காய்ச்சல் வரும். அன்றைக்கு யாரை நிறுத்துவீர்கள்? ஜகார்த்தாவில் ரஹீமிடம் பர்மன் இருந்தார்.

தங்கராஜ் வெலிங்டனை விட்டுப் போன பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும், அதாவது முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். அந்த ஊரில் இந்த மூன்று கிளப் ரசிகர்களும் ஒருவரை ஒருவர் எப்படித் திட்டிக்கொள்வார்கள் என்பது உலகப் பிரசித்தம். மூன்று பேருமே அவரைத் தங்கள் கோலி என்று கொண்டாடியிருக்கிறார்கள், மற்ற இரண்டு பேரும் அதே ஆளைத் திட்டியிருப்பார்கள். ஆள் அதே ஆள், கை அதே கை. கடைசிக் காலத்தில் பொகாரோவில் இருந்தார், 2008 நவம்பரில் அங்கேயே காலமானார்.

அடுத்த ஃபைனல் வரும், டீக்கடை கோர்ட்டும் கூடும். கூடட்டும், தடை ஒன்றும் இல்லை. வாதாட வருகிறவர்கள் தங்கள் கோலியைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், எதிர் டீமில் கார்னர் எடுப்பது யார், அவன் பந்தைக் கிட்ட போடுவானா தூரப் போடுவானா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், வர்க்கி கரைவதற்குள் சாப்பிட்டும் முடித்துவிடலாம்.